மைதிலி கடைக் கஞ்சி

அனுசுயாவைப் பொறாமைக்காரி என்று யாராவது சொன்னால், திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். அவளுடைய டிபன் வண்டிக்கு நேர் எதிரே புதிதாக ஒரு ஃபிரைட் ரைஸ் வண்டி வந்து நின்ற அன்று, அந்தப் பையன்களுக்குத் தீப்பெட்டியும் கொடுத்து, அடுப்புக்குக் காற்று மறைக்கத் தகரமும் கொடுத்தவள் அவள்தான். நாத்தனார் பட்டாபிராமில் மாடி வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டபோது, முந்தின நாளே போய் அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டுவிட்டு, ‘நல்லா இருங்க’ என்று மனசாரச் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது.

அப்படிப்பட்டவளுக்கு ஐம்பதை ஒட்டிய வயதில் வயிறு எரிய ஆரம்பித்தது. நகைக்காக எரிந்திருந்தால்கூடச் சொல்லிக்கொள்ள ஒரு கௌரவம் இருந்திருக்கும். ஏரிக்கரையில் கேழ்வரகுக் கஞ்சி விற்கிற ஒரு பொம்பளைக்காக எரிந்தது. வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

அனுசுயாவின் அப்பா அம்மா குத்தம்பாக்கத்தில் கழனி வேலை செய்தவர்கள். இவளுக்கு மண்வெட்டியும் வரவில்லை, நாற்றும் வரவில்லை. அடுப்பு மட்டும் வந்தது. கல்யாணமாகித் திருமுல்லைவாயிலுக்கு வந்தபோது புருஷன் உத்தமன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலையாக இருந்தான். தகட்டை வைத்து மிதியை மிதித்தால் அச்சு வந்து இறங்கும். நாளெல்லாம் அதே வேலை. மகன் பரத் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அனுசுயா தள்ளுவண்டி போட்டாள். இட்லி, தோசை, வடகறி. ரயிலை விட்டு இறங்குகிறவன், வீட்டில் சாப்பாடு தயாராக இருந்தாலும் அவள் வடகறியைத் தாண்டிப் போகமாட்டான்.

உத்தமன் ஷிப்ட் முடிந்து நேரே வண்டிக்குத்தான் வருவான். பார்சல் கட்டுவது, சட்னி ஊற்றுவது, சில்லறை கொடுப்பது, வருகிறவர்களை வம்புக்கு இழுப்பது எல்லாம் அவன் பொறுப்பு. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒன்று உண்டு. வடகறி கொதித்து இறங்கியதும் முதல் கரண்டியை அனுசுயா அவன் உள்ளங்கையில் ஊற்றுவாள். அவன் ஊதி ஊதி நக்கிப் பார்த்து, கண்ணை மூடி, ஒரு தரம் தலையை ஆட்டுவான். பிறகுதான் வியாபாரம். அவன் ‘இன்னும் கொஞ்சம் சோம்பு’ என்றால் ரயிலே வந்து நின்று கூட்டம் சேர்ந்தாலும் சரி, சோம்பு போட்டுக் கொதித்த பிறகுதான் தட்டு எடுப்பாள். வேடிக்கை என்னவென்றால் அவளுக்கே உப்பு புளி கணக்குத் தெரியும். தெரிந்தும், அந்தத் தலையாட்டலைப் பார்க்காவிட்டால் அவளுக்குக் கை ஓடாது. கட்டின புருஷன் இத்தனை வருஷத்தில் அவளை ஒரு வார்த்தை வாய்விட்டுப் புகழ்ந்ததில்லை. தினமும் சாயங்காலம் அந்த ஒரு தலையாட்டல்தான் அவளுக்குப் புகழ், கொஞ்சல், எல்லாம்.

போன வருஷம் சித்திரை வெயிலில் உத்தமனுக்கு வண்டியிலேயே நெஞ்சு வலித்தது. கேஸ் என்று நினைத்துக்கொண்டு பக்கத்துக் கடையில் கோலி சோடா வாங்கிக் குடித்தான். ஏப்பமும் விட்டான். ‘போச்சு’ என்று சிரித்துக்கொண்டே ஒரு பார்சலுக்கு நூல் சுற்றியவன், நூலைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டான். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. ஃபிரைட் ரைஸ் வண்டிப் பையன்கள்தான் ஆட்டோவை மறித்து ஏற்றினார்கள். ஆட்டோவில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அனுசுயா வேண்டாத தெய்வம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் தொடை வழியாக ஏதோ விட்டு, அடைப்பை எடுத்து, உள்ளே ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தான்.

பிழைத்தவனை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகுதான் கூத்து.

டாக்டர் சின்ன வயதுக்காரர். மறுபரிசோதனைக்குப் போனபோது இரண்டு பேரையும் உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். உப்பைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க, மாத்திரையை விடாதீங்க, பீடியைக் கையால் தொடாதீங்க, தினமும் நடங்க. இதயம் நல்லா வேலை செய்யுது. பிரஸ் ஷாப் வேலை மட்டும் இனிமே வேண்டாம், கனமா தூக்காம பழையபடி வண்டிக்குப் போகலாம், மாடி ஏறலாம், சிரிச்சுப் பேசிச் சந்தோஷமா இருங்க. உத்தமன் முகம் அப்படியே மலர்ந்தது. வெளியே வந்ததும் அனுசுயா சொன்னாள்:

“அவரு அப்டிதான் சொல்வாரு. அவரா உன்ன மடியில போட்டுகினு ஆட்டோல வந்தாரு?”

குறைக்கச் சொன்ன உப்பை அவள் ஒரேயடியாக நிறுத்தினாள். எண்ணெய், புளி, தேங்காய், கருவாடு எல்லாவற்றுக்கும் வீட்டில் தடை. அதாவது அவனுக்குத் தடை. அவனுக்கென்று தனியாக ஒரு சின்ன குண்டான், தனித் தட்டு. காய்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, அரிசி நொய்யைக் குழைத்து வைப்பாள். வாழ்நாளெல்லாம் ருசி பார்த்துச் சமைத்த கை, அந்தக் குண்டானை மட்டும் ருசி பார்க்காமல் இறக்கியது. நோயாளிச் சாப்பாட்டில் ருசி பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள். வண்டிப் பக்கம் வரவே கூடாது என்றாள். குடம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, சண்டைப் படம் பார்க்கக் கூடாது. அவன் இருமினால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள். கண்கொத்திப் பாம்பு மாதிரி அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

உத்தமன் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. பேச்சே குறைந்துபோயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். கொடுத்ததைச் சாப்பிட்டான். அனுசுயா வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பும்போது கட்டிலில் உட்கார்ந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். வண்டியில் வடகறி இறங்கும்போது அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் தடுமாறுவாள். பிறகு தானே நக்கிப் பார்ப்பாள். ஒன்றும் தெரியாது. சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் தெரியாது.

நடைக்கு மட்டும் அவள் தடை போடவில்லை. டாக்டர் சொன்னதில் அந்த ஒன்றையாவது கேட்டோம் என்று இருக்கட்டுமே என்று காலையில் ஏரிக்கரைக்கு அனுப்பினாள். முதலில் போன வேகத்தில் திரும்பி வந்தான். மழைக்காலம் முடிந்த பிறகு திரும்பி வர நேரமாயிற்று. அப்புறம் காலையில் அவனே எழுந்து, தாடியை மழித்துக்கொண்டு, துவைத்த சட்டையாகத் தேடிப் போட ஆரம்பித்தான். வந்ததும் குண்டானைத் திறந்து பார்த்துவிட்டு, “பசிக்கல மே” என்பான். ஒரு நாள் குளித்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தான். அனுசுயா வாசலில் நின்று கேட்டாள். சந்தோஷப்பட வேண்டியவளுக்கு மூக்கு வியர்த்தது.

வியர்த்த மூக்குக்குத் தோதாக ஷோபனா வந்து சேர்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. உடம்பு குறைக்கிறேன் என்று அவளும் ஏரிக்கரையில் நடக்கிறவள். குறைந்தது மட்டும் இல்லை.

“எக்கா, உன் ஊட்டுக்காரரு இப்ப சூப்பரா கீறாரு போ” என்றாள்.

“இன்னாடி சூப்பரு?”

“அந்த கஞ்சி கடைல நின்னுகினு அவுரு அடிக்கிற கூத்து கீதே! மைதிலின்னு ஒரு அம்மா, ஆவடி குவார்ட்டர்ஸ்லேர்ந்து வருது. கேவுரு கஞ்சி, அருகம்புல் ஜூஸ், முளகட்டின பயிறு. உன் ஊட்டுக்காரருதான் அங்க எல்லாம். டம்ளர் கழுவறாரு, கஞ்சி ஊத்தறாரு. அவுரு பேசறத கேக்கவே ஒரு கும்பல் நிக்குது.”

அனுசுயா புளியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. ஷோபனா அத்துடன் விட்டிருக்கலாம்.

“இன்னொண்ணு கேளேன். கஞ்சி கிண்டி எறக்கனதும் அந்தம்மா ஒரு வாய் அவுராண்ட குடுக்குது. இவுரு குடிச்சிட்டு, கண்ண மூடிகினு, தலைய இப்டி ஆட்டறாரு. அப்பால தான் மத்தவங்களுக்கு. எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு!”

புளித் தண்ணீர் முழுவதும் தரையில் போயிற்று.

தலையை ஆட்டினானாம். கண்ணை மூடிக்கொண்டு! அவன் எவளோடோ சினிமாவுக்குப் போனான் என்று சொல்லியிருந்தால்கூட விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய் ஒரு கை பார்த்துவிட்டு வந்திருப்பாள். இது அப்படித் தீர்கிற கணக்காகத் தோன்றவில்லை. அந்தக் கஞ்சிக்காரி தன்னிடமிருந்து பறித்துக்கொண்டது எது என்று யாரிடம் போய்ச் சொல்வது? என் புருஷன் என் குழம்புக்கு ஆட்டுகிற தலையை உன் கஞ்சிக்கு ஆட்டிவிட்டான் என்று பஞ்சாயத்து வைக்க முடியுமா?

அன்றைக்கு அவள் சமைத்த எதுவும் சரியாக வரவில்லை. இட்லி கல்லாயிற்று. வழக்கமாக வருகிற கோவிந்தராஜ் என்கிற ஃபிட்டர், “இன்னாக்கா, ஒடம்பு செரியில்லியா?” என்று கேட்டதற்கு, “துன்னா துன்னு, துன்னாட்டி போ” என்று எரிந்து விழுந்தாள். வீட்டுக்குப் போனதும் உத்தமனின் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கேழ்வரகு வாசனையும் சின்ன வெங்காய வாசனையும் அடித்தது. அதைத் தண்ணீரில் போட்டு அடித்துத் துவைத்த துவைப்பில் ஒரு பித்தான் தெறித்தது.

மறுநாள் காலை அவன் கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்து அவளும் கிளம்பினாள். என்ன பேச வேண்டும் என்பதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். ‘ஏம்மா, உனுக்கு ருசி பாக்க ஊருல வேற நாக்கு கெடைக்கலியா’ என்று தொடங்குவதாகத் திட்டம்.

ஏரிக்கரையில் நடைபாதை முழுக்கக் கூட்டம். தொப்பைக்காரர்கள், டிராக் பேன்ட் போட்ட அம்மாக்கள், கையை வீசி வீசிப் போகிற பெரியவர்கள். வாதாமரத்தடியில் ஒரு மேஜை. அதன் மேல் பெரிய எவர்சில்வர் பாத்திரங்கள். மேஜைக்குப் பின்னால் மைதிலி. அனுசுயா அவளை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள். நாற்பத்தைந்து இருக்கும். அழகென்று ஒன்றுமில்லை, பல்கூடக் கொஞ்சம் தூக்கல். அதுவே அனுசுயாவுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அழகியாக இருந்தாலாவது ஆம்பளை புத்தி என்று விட்டுத் தொலைக்கலாம்.

பிறகு உத்தமனைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் அவனா என்று சந்தேகம் வந்தது.

முதுகு நிமிர்ந்திருந்தது. தோளில் துண்டு. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தான். கஞ்சியை உயரத்திலிருந்து ஆற்றி ஒரு சொட்டு சிந்தாமல் டம்ளரில் இறக்கினான். நடந்து வேர்த்துப்போய் வந்த ஒருத்தர் கேட்டார்:

“இன்னா நைனா, ஹார்ட்டு பேஷண்டு, இவ்ளோ வேல செய்றியே, ஒண்ணும் ஆவாதா?”

“எனுக்கு உள்ள ஸ்பிரிங் வெச்சி கீறாங்கபா! உங்களுக்கெல்லாம் வெறும் சதை. ரொம்ப நடந்தா தேஞ்சிடும், பாத்து நட” என்றான் உத்தமன்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மேல் பல், கடைவாய்ப் பல் எல்லாம் தெரிய. அந்தச் சிரிப்பை அனுசுயா கடைசியாக வண்டியில், கோலி சோடா குடித்துவிட்டு அவன் ஏப்பம் விட்டபோது பார்த்தது. ஸ்டென்ட் என்கிற பேச்சை வீட்டில் ஒரு தரம்கூட அவன் எடுத்ததில்லை. இங்கே ஊருக்கெல்லாம் வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறான். வீட்டில் கிடைக்காதது எல்லாம் இங்கே டம்ளர் டம்ளராக எவனெவனுக்கோ போய்க்கொண்டிருக்கிறது.

கூட்டத்தை இடித்துக்கொண்டு அவள் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். உத்தமன் குனிந்து அடுத்த டம்ளரை ஊற்றிக்கொண்டிருந்தான். நிமிராமலே நீட்டினான்.

“இந்தாம்மா. சூடா கீது, பாத்து.”

அவள் வாங்கினாள். கையில் கிடந்த வளையலைப் பார்த்துவிட்டு அவன் நிமிர்ந்தான்.

அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நடந்ததை முழுவதும் பார்த்தாள். முதலில் சிரிப்பு போயிற்று. தோள் இறங்கியது. முதுகு வளைந்தது. வலது கை தானாகப் போய் நெஞ்சின் மேல் உட்கார்ந்தது. இன்னொரு கை பிடித்துக்கொள்ள எதையோ தேடி, மேஜை விளிம்பைப் பற்றியது. பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தான். சுவரைப் பிடித்து நடக்கிற, தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிற, கால் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிற உத்தமன் வந்துவிட்டான்.

அது வியாதியின் முகம் என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். அது அவளைப் பார்க்கும்போது வருகிற முகம்.

“என்ன அண்ணாச்சி, படபடன்னு வருதா?” என்று மைதிலி ஓடி வந்தாள். பிறகு இருவரையும் மாறி மாறிப் பார்த்துப் புரிந்துகொண்டாள். “அக்காவா? வாங்கக்கா. ஒங்களப் பத்தித்தான் தெனமும் பேச்சு. ஒங்க வடகறிய அண்ணாச்சி சொல்லிச் சொல்லியே எங்களுக்கெல்லாம் எச்சி ஊற வச்சிட்டாங்க. எங்க வீட்டுல ஒரு மனுசன் இருக்காரு, எத ஊத்துனாலும் சரிங்காரு. அண்ணாச்சி நாக்குல பட்டாத்தான் எனக்குத் திருப்தி.”

அண்ணாச்சியாம். ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த ஒரு வார்த்தையும் அனுசுயாவுக்கு வரவில்லை. கையில் டம்ளர் இருந்ததால் குடித்தாள். உப்பு குறைவுதான். ஆனால் மோர் புளிப்பும், பொடிப்பொடியாக நறுக்கின வெங்காயமும், கொஞ்சம் கொத்தமல்லியும் சேர்ந்து, உப்பைத் தேட விடாமல் பார்த்துக்கொண்டன. நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது. சமையல்காரியால் அதை மறைக்க முடியும், மறுக்க முடியாது.

“தண்ணியா கீது” என்று சொல்லி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

உத்தமன் அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டான். செருப்பைக் கழற்றும்போதே, “நாளைலேர்ந்து போவல அனுசு” என்றான். வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றான். அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

“போவாதன்னு நான் சொன்னனா?”

“இல்ல, நீ வந்து நின்ன…”

“நின்னேன். நின்னா? புள்ள பெத்து வளத்து, கூட நின்னு வண்டி தள்ளனவளதான பாத்த? எமனயா பாத்த? மூஞ்சி ஏன்யா அப்டி செத்துப்போச்சு?”

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். அவள் சமையல்கட்டுக்குப் போகத் திரும்பினபோது பேசினான்.

“ராத்திரில நீ எழுந்து எழுந்து என் மூக்காண்ட கைய வெச்சி பாக்கற.”

அனுசுயா நின்றாள்.

“தூங்கறேன்னு நெனச்சிகினு பாக்கற. நான் தூங்கறதில்ல. நீ எப்ப வருவ, எப்ப வருவன்னு முழிச்சிகினே படுத்துனு கீறேன். நீ கைய வெக்கறப்போ மூச்ச நல்லா இஸ்து இஸ்து உடறேன், நீ பயப்படக் கூடாதுன்னு. இருமல் வந்தா அடக்கிக்கறேன். கை வலிச்சா சொல்றதில்ல. நீ என்ன பாக்கறப்பல்லாம் உன் மூஞ்சில நான் செத்துப்போயி கீறேன் அனுசு. அத்த பாத்துகினே நான் எப்டி சோறு துன்றது, எப்டி சிரிக்கறது?” அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். “அங்க யாருக்கும் நான் சாவறத பத்தி கவல இல்ல. அதான் போறேன். அங்க போனா மூச்சு அது பாட்டுக்கு வருது.”

அழ வேண்டியது அந்த இடத்தில்தான். அனுசுயாவுக்கு அழுகை வரவில்லை. பொறாமைதான் வந்தது, இதுவரை வந்ததிலேயே பெரிதாக. மைதிலி மேல் மட்டும் இல்லை. அந்த ஏரிக்கரையில் நடக்கிற தொப்பைக்காரன்கள், டிராக் பேன்ட் அம்மாக்கள், இன்றைக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டு நாளைக்கு இவன் இல்லாவிட்டால் எங்கே என்றுகூடக் கேட்காமல் போகிற அத்தனை பேர் மேலும் வந்தது. அவன் செத்தால் அவர்களுக்கு ஒன்றும் போகாது. ஒன்றும் போகாதவர்களுக்கு அவன் சிரிப்பு கிடைக்கிறது. எல்லாம் போய்விடுமே என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அவன் இழுத்து இழுத்துக் காட்டுகிற மூச்சு. என்ன நியாயம் இது?

சமையல்கட்டுக்குள் போனாள். அவனுக்கென்று வைத்த சின்ன குண்டான் மூடியபடி இருந்தது. திறந்து, ஒரு கை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். சுண்ணாம்புச் சுவரை நக்கினது மாதிரி இருந்தது. ஜன்னல் வழியாகத் துப்பினாள்.

“யோவ்! இத்தயா இம்மாம் நாளு துன்னுகினு கீற?”

“நீ குடுத்த. துன்னேன்.”

“வாய தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?”

“சொன்னா நீ அழுவ.”

குண்டானை அப்படியே கொண்டுபோய் வாசலில் நின்ற மாட்டுக்குக் கொட்டினாள். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. உள்ளே வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். பூண்டைத் தட்டி, மிளகு சீரகம் அரைத்து, நல்லெண்ணெய் ஒரு சொட்டு, உப்பு ஒரு சிட்டிகை போட்டு ரசம் வைத்தாள். கரண்டியில் எடுத்துத் தானே குடித்துப் பார்த்தாள். இரண்டு தட்டில் சோறு போட்டு, ஒன்றை அவன் முன்னால் தள்ளிவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவன் சாப்பிடுகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான். சுவரைப் பார்த்தபடியே சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“காலைல அவகிட்டயே போ” என்றாள். “சாய்ந்தரம் வண்டிக்கு வா. டாக்டரு அன்னிக்கே போவலாம்னுதான் சொன்னாரு.”

“நீதான் வோணாம்ன.”

“இப்ப வான்றேன்ல. கஞ்சி அங்க குடி. ஆனா ருசி பாக்கறது, தலைய ஆட்டறது, அதெல்லாம் இங்கதான். அவளுக்கு வோற ஆள பாத்துக்க சொல்லு.”

“அது எப்டிமே? கேக்கறாங்கோ. எனுக்கு இன்னா ரெண்டு வாயா கீது?”

“ஒண்ணுதான் கீது. அது என்னுது.”

அவன் சரி என்று சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவளும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்ததை ரசத்தோடு சேர்த்து விழுங்கினாள்.

“நான் வந்தா நீ என்னயே பாத்துகினு இருப்ப” என்றான் கடைசியில்.

“பாக்க மாட்டேன்.”

“நெஜமா?”

“பாக்க மாட்டேன்னேன்ல!”

சாயங்காலம் அவள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும், பார்சல் காகிதம், நூல், சட்னிக் கவர் எல்லாவற்றையும் வழக்கமான இடத்திலிருந்து எடுத்து, வண்டியின் அடுத்த முனையில், தோசைக்கல்லுக்கு முன்னால் தான் நின்றால் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி வைத்தாள். வேலைக்குக் கிளம்பி, போகிற வழியில் வண்டியைத் தள்ளிவிட வந்த மகன் பரத் எதற்கம்மா என்று கேட்டான். “போடா ஷிப்ட்டுக்கு” என்று அவனை விரட்டினாள். வடகறி கொதித்து இறங்கியது. உத்தமன் வரவில்லை. முதல் ரயில் கூட்டம் வந்து போயிற்று. ஏமாற்றிவிட்டான் என்றே முடிவு கட்டினாள். மைதிலி காலையிலேயே கடையை மூடிவிட்டு ஆவடிக்குப் போயிருப்பாள் என்று தெரிந்தும், இந்நேரம் ஏரிக்கரையில்தான் நின்றுகொண்டிருப்பான் என்று நினைத்து நினைத்து வயிறெரிந்தாள். ஒரு தோசை கருகியது.

இரண்டாவது ரயில் வந்த சத்தத்தில் அவன் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. நூல் சுற்றுகிற சத்தம். ஒரு இழுப்பு, ஒரு முடிச்சு, பல்லால் ஒரு கடி. வேறு யாரும் பார்சலை அப்படிக் கட்டமாட்டார்கள்.

அவள் திரும்பவில்லை. மாவை ஊற்றித் தேய்த்தாள்.

“அண்ணாத்தே! வந்துட்டியா?” என்று கோவிந்தராஜின் குரல். “உனுக்கு ஹார்ட் அட்டாக்குன்னாங்கோ, நாங்கல்லாம் பயந்துட்டோம். இப்ப எப்டி கீற?”

நூல் சுற்றுகிற சத்தம் நின்றது. அனுசுயாவின் கை கல்லின் மேல் நின்றது. நெஞ்சில் கை வைத்திருக்கிறானா? வேர்க்கிறதா? நின்றுகொண்டிருக்கிறானா, உட்கார்ந்துவிட்டானா? கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கல்லையே பார்த்தாள்.

உத்தமன் ஏதோ சொன்னான். ரயில் கிளம்புகிற சத்தத்தில் என்ன சொன்னான் என்று அவளுக்குக் கேட்கவில்லை. கோவிந்தராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். எல்லாருக்கும் மேலாக உத்தமன் சிரித்தான்.

அவளுக்கு முன்னால் நின்றிருந்த இரண்டு பேரும் எட்டி எட்டி அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களால் பார்க்க முடிந்தது. அவள் திரும்பினால் அந்தச் சிரிப்பு நின்றுபோகும். அனுசுயா அவர்களுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பொறாமையோடு பார்த்துவிட்டு, ஆளுக்கு எத்தனை தோசை என்று கேட்டாள்.